ரோட்டின் எந்தப் பக்கம் மேடு?

புவியியல் ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பெற்றோர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "இத்தப் படிச்சா எந்தக் கம்பெனில டீச்சர் எடுப்பான்?" வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் வரைக்கும் வரிசையாகக் கம்பெனி கேட்டுகளாக நிற்கிற பகுதியில் வேறென்ன கேட்பார்கள்? நானும் ஆரம்பத்தில் நில அளவை, வானிலை, செயற்கைக்கோள் என்று மூச்சுவிடாமல் அடுக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். தலையை ஆட்டுவார்கள். பிள்ளையைக் காமர்ஸில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே பேச்சை நம்பாதீர்கள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் புவியியல் எடுக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு குரூப் கிடைக்காமல் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதற்காக முகத்தைச் சுளிக்காதீர்கள். வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தவர்கள்தான் ஒருநாள் பாடத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பார்கள். அப்படி ஒரு வகுப்பு எனக்கு வாய்த்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அந்த வகுப்போடு நான் நின்ற ஒரு பகலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்துகொண்டேதான் இதை யோசித்தேன்.

முதலில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சம உயரக் கோடு நடத்தினேன். கரும்பலகையில் அழகாக மலை வரைந்து, அதன் வயிற்றைச் சுற்றிக் கோடுகள் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து தினேஷ் எழுந்தான். உள்ளூர்க்காரன். நான்கு தலைமுறையாக நெல் விளைத்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் வாடகைக்கு விட லைன் வீடுகள் கட்டியிருக்கிறார்கள்.

"மிஸ், நம்ம ஊர்ல மேடும் இல்ல, மலையும் இல்ல. எல்லாம் சப்பையாத்தான் கீது. நமக்கு இன்னாத்துக்கு மிஸ் இந்தக் கோடு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து வகுப்பறைத் தரையில் ஊற்றினேன். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து, முதல் வரிசைப் பெண்களின் பைகளை நனைத்து, வாசல் பக்கம் போனது. "சப்பையா இருந்தா இது ஏண்டா ஓடுது?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பை நனைந்தவர்கள் மட்டும் கத்தினார்கள்.

அன்றைக்கே ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை நீளமாக வாங்கிவந்தேன். உள்ளே தண்ணீர் நிரப்பி இரு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்து எந்த இடம் மேடு, எது பள்ளம் என்று கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவுதான் கருவி. பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில்கூட டியூபைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

முதலில் வரைந்த வரைபடத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன்படி எங்கள் குழாயடியில் வழியும் தண்ணீர் மேட்டில் ஏறி நேரே தலைமை ஆசிரியர் அறைக்குள் போகவேண்டும். எங்கே தப்பு நடந்தது என்று எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தபோது, பாண்டிச்செல்வி மட்டும் டியூபை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்கள் குடியிருந்தது தினேஷ் வீட்டுக்காரர்களின் லைன் வீடுகளில் ஒன்றில்.

"மிஸ், நடுவுல ஏர் நிக்குது" என்றாள். டியூபின் நடுவில் ஒரு காற்றுக் குமிழ். அது இருந்தால் தண்ணீர் பொய் சொல்லும். அதன் பிறகு எந்த இடத்திலும் அளப்பதற்கு முன் டியூபைத் தடவிப் பார்ப்பது எங்கள் வகுப்பின் சட்டமாகிவிட்டது.

மைதானத்தை முடித்துத் தெருவுக்குப் போனார்கள், தெருவிலிருந்து லைன் வீடுகளுக்குப் போனார்கள், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க மனைக்கும் போனார்கள். இந்தப் பகுதியில் யாராவது நிலத்தை அளந்தால், கம்பெனிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஜனங்கள் பயப்படுவார்கள். தினேஷின் அப்பா ஏகாம்பரம் தன் சொந்த மகனையே மடக்கி, "டேய், எந்தக் கம்பெனிக்குடா அளக்கற? உண்மைய சொல்லு" என்று விசாரித்தார். படிப்புக்காக என்றால் நம்பவில்லை. பிறகு நான் போய் விளக்கினேன். அப்போதும் பாதிதான் நம்பினார்.

கடைசியில் வந்த வரைபடம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. லைன் வீடுகளைவிட ரோட்டுக்கு எதிர்ப்பக்க மனை ஒரு சாண் உயரம். யாரோ வாங்கி, மண் அடித்து நிரவிப் போட்டுவிட்டு, கட்டடம் கட்டாமல் விட்ட மனை அது. சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததால் பார்வைக்குப் பள்ளமாகத் தெரியும். இரண்டாவது, லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பள்ளி மைதானத்தின் கடைக்கோடி அந்த வீடுகளைவிடத் தாழ்வு. நடுவில் பள்ளியின் சுற்றுச்சுவர் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொன்னபோது ஏகாம்பரம் சிரித்தார். "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து பாத்துகினு கீறேன். ஸ்கூலு மேடு, எதுத்தாப்ல பள்ளம்." அவர் தாத்தா காலத்தில் அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு மழை வந்தது.

விட்டு விட்டுப் பெய்து, பிறகு விடாமல் பெய்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை காஞ்சிபுரத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். மக்கள் தங்கவேண்டி வந்தால் திறந்துவிடுங்கள் என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தார், நான் ஒரகடத்திலேயே குடியிருந்ததால். காலையில் நான் பள்ளியைத் திறந்துகொண்டிருக்கும்போதே தினேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மிஸ், சீக்கிரம் வாங்க. ரோட்ட வெட்டப் போறாங்க. எங்கப்பாதான் ஜேசிபி வரவச்சிருக்காரு. பாண்டிச்செல்வி ரோட்டு மேலயே நின்னுகினு நவுர மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். லைன் வீடுகளுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டில்மேல் அடுப்பு, அடுப்புமேல் பெட்டி. நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு, தூங்க இடமில்லாமல் தண்ணீரில் நின்றார்கள். ரோடு மட்டும் கரைபோல வெளியே தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள்ளும் தண்ணீர். ரோட்டின்மேல் ஜேசிபி. இரண்டு பக்கமும் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஜேசிபியின் வாளிக்கு முன்னால் நனைந்துபோன சுடிதாரோடு பாண்டிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாடி இங்குட்டு. நமக்கெதுக்கு இந்த வம்பு? குடியிருக்க வந்த எடத்துல..."

"அம்மா, ரோட்ட வெட்டுனா அங்குட்டுத் தண்ணி பூராம் நம்ம வீட்டுக்குள்ள வந்துரும்மா!"

ஏகாம்பரம் கெட்டவர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் தண்ணீரில் நிற்பவை அவருடைய வீடுகள், தவிப்பவர்கள் அவருக்கு வாடகை தருகிற ஜனங்கள். எதையாவது செய்யவேண்டும் என்ற பதைப்பு அவருக்கு. அந்தப் பதைப்பில்தான் கத்தினார். "இன்னா டீச்சர், உன் ஸ்டூடண்ட இட்டுகினு போ. வூடெல்லாம் முழுவுது, இது ரோட்ல நின்னுகினு பாடம் எடுக்குது. இந்தப் பொண்ணு பேச்சக் கேட்டு இன்னும் தண்ணி ஏறுனா யார் பதில் சொல்றது? இவங்கப்பனா? நாளைக்கே வூட்ட காலி பண்ணச் சொல்லிருவேன், ஆமா!"

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. மகளின் கையை விட்டுவிட்டார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் வரைபடம் சரி என்று சொல்லலாம். ஆனால் வரைபடம் தரையைத்தான் சொல்லும். இன்றைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வெயிலில் அளந்ததை மழையில் தூக்கிக்கொண்டு வந்து அடம்பிடித்தால், நமக்கும் "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து" என்கிறவருக்கும் வித்தியாசம் இல்லை. அதே சமயம், அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்விட்டு, ரோட்டை வெட்டியபின் தண்ணீர் உள்ளே பாய்ந்தால்?

கூட்டத்தில் ஒரு பையன் போனை நீட்டினான். "டீச்சர், இதுல ஹைட் காட்டும்." பார்த்தோம். ஒரே இடத்தில் நிற்கும்போதே ஒருமுறை ஒரு உயரம் காட்டியது, அடுத்தமுறை ஆள் உயரத்துக்கு மாற்றிக் காட்டியது. எங்களுக்கு வேண்டியதோ ஒரு சாண் வித்தியாசம். போனை அவனிடமே கொடுத்துவிட்டேன். எந்தக் கருவி எந்த அளவுக்குத்தான் உதவும் என்று தெரிந்துவைத்திருப்பதும் நம் பாடம்தான்.

நான் ஏகாம்பரத்தோடு பேசவில்லை. ஜேசிபி ஓட்டுகிற தம்பியிடம் போனேன். அவனும் தெற்கத்திப் பையன்தான்.

"தம்பி, ரோட்ட வெட்டுன பெறகு தண்ணி தப்பான பக்கம் பாஞ்சா, திரும்ப மூட முடியுமா?"

அவன் ரோட்டைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். "ஓடுற தண்ணில மண்ணு நிக்காது டீச்சர். கரைச்சுக்கிட்டுப் போயிரும்."

"அப்ப கொஞ்ச நேரம் எஞ்சின நிறுத்து. நாங்க சோதிச்சுக் காட்டுறோம்."

அவன் ஏகாம்பரத்தைப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டான். நெருக்கடியில் எல்லாரும் கேட்பது, எது சரி என்றுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறு. செய்துவிட்டால் திருப்ப முடியுமா? திருப்ப முடியாத காரியம் என்றால், எவ்வளவு அவசரமானாலும் ஒரு சோதனைக்கு நேரம் உண்டு. இதை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

ஆனால் என்ன சோதனை? அளவுகோல் வைத்து எண் சொன்னால் அந்தக் கூட்டம் நம்பாது. கண்ணால் பார்க்கவேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அதற்குள் பள்ளியிலிருந்து டியூபை எடுத்துவந்து தோளில் மாட்டிக்கொண்டு நின்ற தினேஷ் துள்ளினான்.

"மிஸ்! பைக்லேர்ந்து பெட்ரோல் உறிவாங்களே, அந்த மாரி! டியூப் ஃபுல்லா தண்ணி ரொப்பி, இந்த முனைய இந்தத் தண்ணில, அந்த முனைய அந்தத் தண்ணில வுட்டா, எந்தப் பக்கம் தண்ணி ஒசரமோ அங்கேர்ந்து எறங்குமில்ல மிஸ்?"

அவன் அப்பா அவனை முறைத்தார். யார் பைக்கிலிருந்து உறிஞ்சினான் என்று விசாரிக்க அது நேரமில்லை. நான் அவனைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

"கலர் வேணும் மிஸ், இல்லன்னா தெரியாது" என்றாள் பாண்டிச்செல்வி. ஒரு அக்கா தன் வீட்டுப் பரணிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார்.

சேதி கேட்டு ஓடிவந்திருந்த வகுப்புப் பிள்ளைகள் டியூபில் தண்ணீர் நிரப்பினார்கள். இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ரோட்டுக்குக் குறுக்கே போட்டு, ஒரு முனையை இந்தப் பக்கத் தண்ணீருக்குள்ளும் மறுமுனையை அந்தப் பக்கத் தண்ணீருக்குள்ளும் அமுக்கினார்கள். விரலை எடுத்தார்கள். இந்தப் பக்க முனையில் தினேஷ் நீலத்தைச் சொட்டினான். அது தண்ணீரில் அப்படியே கலைந்தது. டியூபுக்குள் போகவில்லை. சரி, அந்தப் பக்கம்தான் உயரம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. அந்தப் பக்க முனையில் பாண்டிச்செல்வி சொட்டினாள். அதுவும் உள்ளே போகவில்லை.

கூட்டம் ஆர்ப்பரித்தது. "ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அங்கேர்ந்து தண்ணி வராது. வெட்டுப்பா!" ஏகாம்பரம் கையை ஆட்டினார். பஸ்கள் ஹாரன் அடித்தன.

பாண்டிச்செல்வி யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, டியூபைத் தடவிக்கொண்டே ரோட்டின்மேல் ஏறினாள். ரோட்டின் நடு மேட்டில் அவள் விரல் நின்றது.

"ஏர் மிஸ்! நட்ட நடுவுல நிக்குது! அவசரத்துல தடவிப் பாக்காம வச்சுட்டோம். இன்னொரு தடவ, ஒரே தடவ மிஸ்!"

"எத்தினி தபா?" என்று யாரோ கத்தினார்கள். நான் ஜேசிபி தம்பியைப் பார்த்தேன். அவன் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தப் பையனுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

இந்தமுறை டியூபை ஒரு ட்ரம்முக்குள் முழுசாக முக்கி நிரப்பினார்கள். ஆளுக்கு ஒரு முழம் பிரித்துக்கொண்டு தடவிப் பார்த்தார்கள். "ஏர் இல்ல", "ஏர் இல்ல" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தது எனக்கு மந்திரம் மாதிரி கேட்டது. மறுபடி குறுக்கே போட்டார்கள். அமுக்கினார்கள். இந்தப் பக்கம் நீலம். போகவில்லை. அந்தப் பக்கம் நீலம்.

போயிற்று.

ஒரு நீலக் கோடு டியூபுக்குள் நுழைந்து, நிதானமாக ரோட்டின்மேல் ஏறியது. முதலில் பார்த்தது குழந்தைகள்தான். "ஏய் வருது, ஏய் வருது!" பிறகு பெரியவர்கள் குனிந்தார்கள். பஸ்ஸிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். நீலம் ரோட்டின் நடுவைத் தாண்டியது. எல்லார் தலையும் அதோடு சேர்ந்து திரும்பியது. இந்தப் பக்கம் இறங்கி, லைன் வீட்டுத் தண்ணீருக்குள், ஏகாம்பரத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் புகைபோல வெளியே வந்தது. ஹாரன் சத்தம்கூட நின்றுவிட்டது. அவர் குனிந்து டியூபின் முனைக்கு முன்னால் கையை வைத்தார். தண்ணீர் கையில் படுவதை உணர்ந்தார் போலிருக்கிறது.

"வெட்டியிருந்தா..." என்றார்.

எனக்கு அங்கேயே விசில் அடிக்கவேண்டும்போல இருந்தது. ஐம்பத்தேழு வயதில் நடுரோட்டில் ஒரு ஆசிரியை விசில் அடிக்கக்கூடாது என்று யார் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அடக்கிக்கொண்டேன்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. வெட்டாதே என்று நிரூபித்துவிட்டோம், தண்ணீர் அப்படியேதான் நின்றது. வடக்கேயிருந்து வந்துகொண்டும் இருந்தது. "அப்ப எங்க டீச்சர் வெட்றது?" என்று ஏகாம்பரம் கேட்டார். இந்தமுறை நிஜமாகவே கேட்டார். பாண்டிச்செல்வி வீடுகளுக்குப் பின்னால் இருந்த பள்ளிச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

டியூபைச் சுவருக்கு மேலே போட்டுச் சோதித்தோம். இந்தப் பக்கம் சொட்டிய நீலம் விறுவிறுவென்று சுவரேறிக் குதித்துப் பள்ளிக்குள் போய்விட்டது. ரோட்டைக் கடந்ததைவிட வேகம்.

சுவர் அரசாங்கத்தினுடையது. தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. மறுபடியும் செய்தேன். அதே குரல்தான் பேசியது. ஜேசிபி வந்து சுவர் ஓரம் நின்றுகொண்டது, எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நம்ம மைதானத்துக்கு வர்ற தண்ணி அடுத்து எங்க போகும்? யார் வீட்டுக்கு?" ஒருவருடைய வாசலிலிருந்து தண்ணீரைத் தள்ளி இன்னொருவர் வாசலில் விடுவதற்குப் பெயர் புவியியல் இல்லை. தினேஷ் சட்டென்று சொன்னான். "கடைசி மூலைல கம்பி வேலிதான் மிஸ். அத்தத் தாண்டுனா பழைய கால்வா. கால்வா நேரா ஏரிக்குப் போவுது. நடுவுல வூடு ஒண்ணும் கிடையாது. அளக்கும்போதே நடந்து போயிருக்கோம்." பிறகு அவன் முகம் மாறியது. "மிஸ்... அந்த மூலைலதான் நம்ம ரூம் கீது."

ஆமாம். மைதானத்தின் கடைக்கோடியில், யாருக்கும் வேண்டாம் என்று எங்களுக்கு ஒதுக்கிய பழைய கட்டடம். புவியியல் ஆய்வறை. நிலவரைபடங்கள், உலக உருண்டைகள், மழைமானி, மாணவர்கள் வருஷக்கணக்காகச் செய்த மாதிரிகள் எல்லாம் அங்கேதான்.

ரோட்டை வெட்டினால் திருப்ப முடியாது. சுவரை உடைத்தால் திரும்பக் கட்டலாம். அறையில் இருப்பதில் பாதியைத் தூக்கலாம். அந்தக் கணக்குக்கு எனக்கு வேறு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. "ரூம காலி பண்ணுங்க. முடிச்சதும் சுவர உடைக்கலாம். நான் சொல்றேன்" என்றேன்.

நைட் ஷிப்ட் பையன்களும் பஸ்ஸில் வந்தவர்களும் பிள்ளைகளோடு ஓடினார்கள். வரைபடச் சுருள்கள் ஆள் மாற்றி ஆள் கைக்கு வந்தன. உலக உருண்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடினான். முந்தைய வகுப்புப் பிள்ளைகள் தரையிலேயே செய்துவைத்த பெரிய இந்திய நில அமைப்பு மாதிரி மட்டும் அசையவில்லை. இமயமலை என் இடுப்பு உயரம் இருக்கும். அதைப் பார்த்து ஒரு நொடி நின்றேன். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு வெளியே வந்து கையை ஆட்டினேன்.

வாளி சுவரில் முட்டியது. ஒருமுறை, இன்னொரு முறை. செங்கல் சரிந்தது. அதன்பிறகு ஜேசிபிக்கு வேலை இல்லை, மிச்சத்தைத் தண்ணீரே பிடுங்கிக்கொண்டு வந்தது. மைதானம் முழுவதும் நுரையோடு பரவி, நேராக எங்கள் அறைக்குப் போய், கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தது. அந்தப் பக்கம் கால்வாயில் இறங்கும் சத்தமும் கேட்டது. வகுப்பே கத்திக் குதித்தது. ஏகாம்பரம்கூடக் குதித்தார், வேட்டியைப் பிடித்துக்கொண்டு.

பாண்டிச்செல்வி மட்டும் குதிக்கவில்லை. சுவர் உடைந்த இடுக்கின் ஓரமாகத் தடுமாறித் தடுமாறி, தண்ணீருக்கு எதிராக, தன் வீட்டுப் பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் குதூகலம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்குள் தண்ணீர் வருவது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே வீடுகளுக்குள் இறங்குகிறதா? வடக்கேயிருந்து வருகிற தண்ணீர் இதைவிட அதிகமாக இருந்தால்? அரசாங்கச் சுவரையும் உடைத்து, ஆய்வறையையும் முழுகவிட்டு, வீடுகளும் அப்படியே கிடந்தால்? ஏகாம்பரமும் குதிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

அப்போதுதான் தலைமை ஆசிரியை ஆட்டோவில் வந்து இறங்கினார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். கணக்கு ஆசிரியையாக இருந்து வந்தவர், கறாரானவர், ஒரு சாக்பீஸ் வீணானாலும் கேட்கிறவர். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். பள்ளிக்கு நடுவே ஓடுகிற ஆற்றைப் பார்த்தார். வராந்தாவில் குவிந்து கிடந்த உலக உருண்டைகளைப் பார்த்தார்.

"யார் இதைச் செய்யச் சொன்னது?"

"நான்தான் மேடம்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று தயாரானேன்.

"எறங்குச்சா?" என்று கேட்டார்.

எல்லாரும் சுவர் உடைந்த பக்கம் திரும்பினோம். அங்கிருந்து தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு பாண்டிச்செல்வி ஓடிவந்தாள். ஒரு செருப்பு இல்லை, கை முழுக்க நீலம். அவளுக்குப் பின்னால், காலையில் மகளின் கையை விட்டுவிட்ட அந்த அம்மா, அவளைவிட வேகமாக ஓடிவந்து அவளை முந்திக்கொண்டு கத்தினார்.

"டீச்சர்! எங்க வீட்டு வாசப்படி தெரியுது!"